உறிஞ்சாமைச் சான்று

காலை ஏழு மணிக்குக் களிம்பு வண்டி வரும். ஏழு பத்துக்குப் பூட்டுக்காரரின் மனைவி வாந்தி எடுப்பாள். நடுவில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில் சிகிச்சை என்று பெயர் போட்டிருந்தார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர் தேய்ப்பாளர். சாதாரணத் தேய்ப்பாளர் அல்ல, முதுநிலைத் தேய்ப்பாளர். நெஞ்சில் பித்தளை வில்லை குத்தியிருப்பார். ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் இருந்த தோல்வழி மருந்து ஆய்வு நிலையத்தின் ஆள். புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டு குடலைப் புரட்டிக் கிடக்கும் நாற்பது பேருக்கும் தினம் மணிக்கட்டில் மஞ்சள் களிம்பு தேய்ப்பது அவர் வேலை. மாத்திரை கொடுத்தால் வாந்தியோடு வெளியே வந்துவிடும், ஊசி போட்டால் வலிக்கும், களிம்பு தேய்த்தாலோ அது பாட்டுக்குத் தோல் வழியே உள்ளே போய்க் குமட்டலை அடக்கிவிடும் என்பது நிலையத்தின் கண்டுபிடிப்பு.

கையுறை போட்டால் கை பேசாது என்பது தேய்ப்பாளரின் கட்சி. வெறும் விரலை ஜாடிக்குள் விட்டு ஓர் உருண்டை எடுப்பார். மணிக்கட்டில் வட்டமாக முப்பது சுற்று, சத்தமாக எண்ணிக்கொண்டே. முடிந்ததும் ஒரு கொட்டாவி. விரலை நாக்கில் தொட்டுப் பதிவேட்டைப் புரட்டி, அந்தக் கட்டிலுக்கு உரிய பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். நாற்பது கட்டில், நாற்பது பக்கம், நாற்பது கொட்டாவி. பாதி மூடிய கண்களோடு இதை முப்பது வருடமாகச் செய்துவந்தார்.

பூட்டுக்காரரின் மனைவி பதினேழாம் கட்டில். முடி போயிருந்தது, சதை போயிருந்தது, வாய் மட்டும் போகவில்லை.

"அண்ணே, தேய்க்கிறதுதான் தேய்க்கிறீங்க, அந்த ஜன்னல் கம்பியையும் கொஞ்சம் தேய்ச்சு விட்டுட்டுப் போங்க. துரு ஏறிக் கெடக்கு" என்றாள்.

"முப்பது" என்று எண்ணி முடித்தார் தேய்ப்பாளர்.

அவள் அவருடைய செருப்பின் மீதே வாந்தி எடுத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தாலும் பூட்டுக்காரர் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

"இது உள்ள போகுதுங்களா, போகலியா?" என்று கேட்டார்.

"போகும்யா. முப்பது வருஷத்துக்கு முன்னாலயே ரத்தத்துல பார்த்து நிரூபிச்சாச்சு. என்னையே பாரு. போன மாசம் ஒரு கல்யாணத்துல சாப்பாடு கெட்டுப்போய் வந்தவன் போனவன் எல்லாம் வாந்தி எடுத்தான். எனக்கு ஒரு ஏப்பம்கூட வரல. தெனம் களிம்புல கையை வைக்கிறவன் உடம்பு அது" என்றபடி பக்கத்தைப் புரட்டினார்.

புதன்கிழமை அவளை எடைபோட்டார்கள். முப்பத்தெட்டரைக் கிலோ. வரும்போது ஐம்பத்தாறு. நர்ஸ் பூட்டுக்காரரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"திங்கக்கிழமை அடுத்த மருந்து ஏத்தணும். முப்பத்தெட்டுக்குக் கீழ போயிட்டா டாக்டர் ஏத்த மாட்டாரு. ஏத்தலேன்னா..." நர்ஸ் சுவரைப் பார்த்தாள்.

"வாந்தி நின்னா சாப்பிடுவாம்மா. வாந்திதான் நிக்கலியே."

"ஊசி இருக்குங்க. போட்டா அரை மணியில நிக்கும். பெட்டி பெட்டியா வெச்சிருக்கேன். ஆனா களிம்பு உடம்புல ஏறலேன்னு நிலையத்துலேர்ந்து எழுதி வாங்கிட்டு வந்தாத்தான் நான் பெட்டியைத் தொடலாம். உறிஞ்சாமைச் சான்றுன்னு பேரு."

"யாருக்காவது குடுத்திருக்காங்களா?"

"நான் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகுது. சான்று எந்தக் கலர்ல இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது."

பூட்டுக்காரர் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. திறக்காத பூட்டு என்று யாராவது சொன்னால் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்காமல் விடமாட்டார். அன்று மத்தியானமே நிலையத்துக்குப் போனார்.

நிலையத்தின் இயக்குநர் மெலிந்த மனிதர். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய கூட்டம் இருப்பதுபோலப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம். சிவப்புக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக மலை ஏறியது.

"நாங்க எதையும் நம்புறவங்க இல்ல, சோதிக்கிறவங்க. களிம்பு தோல் வழியா உள்ள போகுதான்னு முப்பது வருஷமா விடாம சோதிச்சுக்கிட்டிருக்கோம். உலகத்துல வேற எவனும் ஒரே கேள்வியை இத்தனை வருஷம் கேட்டதில்ல."

"சோதிச்சதுல போயிருக்குங்களா சார்?"

"முதல் தடவை போச்சு. அந்தக் கோடுதான் அது."

"அப்புறம்?"

"அப்புறம் செஞ்ச ஆயிரத்து நானூறு சோதனையில போகல. ஆனா முதல் தடவை போனது போனதுதானேப்பா? நடந்தது நடக்கலேன்னு ஆயிடுமா? ஆயிரத்து நானூறு பேர் தோல் ஒத்துழைக்கலேன்னா அதுக்குக் களிம்பு என்ன பண்ணும்?"

சான்று வேண்டுமானால் நோயாளி நேரில் சோதனைக்கு வர வேண்டும் என்றார் இயக்குநர். மனைவி எழுந்து வரும் நிலையில் இல்லை என்று பூட்டுக்காரர் சொன்னார். அதற்கும் நிலையத்தில் விதி இருந்தது. பதினான்காம் விதிப்படி கணவன் தோலும் மனைவி தோலும் ஒரே குடும்பத் தோலாகக் கருதப்படும். அவர் தோலில் களிம்பு ஏறவில்லை என்றால் அவளுக்குச் சான்று கிடைக்கும். பூட்டுக்காரர் கும்பிட்டார். இவ்வளவு சுலபமா என்று நினைத்துவிட்டார், பாவம்.

முதலில் அவருக்குக் குமட்ட வேண்டும். குமட்டாத ஆளுக்குக் குமட்டல் மருந்தைத் தேய்த்து என்ன பயன்? அந்தக் குமட்டலும் நிலையத்துக்குள் உண்டானதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்தது செல்லாது. ஆகவே அவரைக் குமட்டல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

குமட்டல் அதிகாரி முன்னாளில் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தவர். கழுத்து என்று தனியாக எதுவும் இல்லை. அறையின் நடுவில் தரையோடு முடுக்கிய இரும்பு நாற்காலி, கீழே மோட்டார், இடுப்பைச் சுற்றி வார். வாரில் ஒரு பூட்டு தொங்கியது. பூட்டுக்காரர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். மட்டமான தகரப் பூட்டு, ஓர் ஊக்கு போதும். நாற்காலிக்கு எதிரே ஒரு கண்ணாடிக் குடுவை, இருநூறு மில்லியில் சிவப்புக் கோடு. சுவரில் பலகை: நாற்காலியில் அமர்ந்தவர் எவராயினும், பூட்டு விழுந்த நொடியிலிருந்து கோடு தொடும்வரை சுழற்றப்படுவார். கீழே இயக்குநர் கையெழுத்து.

ஒரு குவளை வெதுவெதுப்பான எண்ணெயைக் குடிக்க வைத்துச் சுழற்றினார்கள். சுவர் ஓடியது, ஜன்னல் ஓடியது, அதிகாரியின் முகம் ஐந்நூறு தடவை வந்து போனது. வாந்தி வரவில்லை.

"என்னய்யா, கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்றார் அதிகாரி வருத்தத்தோடு.

"நாப்பது நாளா வீட்டம்மா வாந்தியை அள்ளிக் கொட்டுறேன் சார். எனக்கு மரத்துப்போச்சு."

"அப்படியா. தப்பா நினைக்காதே" என்று சொல்லிவிட்டு அதிகாரி வயிற்றில் ஒரு குத்து விட்டார். மரியாதை தெரிந்த மனிதர், ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் தப்பா நினைக்காதே என்று சொன்னார். எட்டாவது குத்தில் எண்ணெய் வந்தது. குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நூற்று எழுபது. ஒன்பதாவது குத்து குறி தவறித் தாடையில் விழுந்து ஒரு பல் குடுவைக்குள் போனது. எண்ணெய் மட்டம் கோட்டை நோக்கி ஏறியது. அதிகாரி இடுக்கியால் பல்லை எடுத்து வெளியே வைத்துவிட்டார். பல் கணக்கில் சேராது. அவர் நேர்மையைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பத்தாவது குத்தில் இருநூறு ஆயிற்று.

அதற்குப் பிறகு தேய்ப்பாளர் வந்தார். முப்பது சுற்று, கொட்டாவி, நாக்கில் விரல், பக்கம், கையெழுத்து. அரை மணி கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து பூஜ்யம்.

பூட்டுக்காரர் ரத்த வாயோடு சிரித்தார். "அப்போ ஏறல. சான்று குடுங்க சார்."

இயக்குநர் தாளைப் பார்த்தார், பூட்டுக்காரரின் தலைக்கு மேலே பார்த்தார். "பூஜ்யம்னா என்ன அர்த்தம்? தேய்ச்சது போதலேன்னு அர்த்தம். நாளைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்போம்."

வியாழக்கிழமை பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார்கள். மேல்தோல் சுருள் சுருளாக வந்தது. பூஜ்யம். மாலையில் சொரசொரப்பான கல். சதை தெரிந்தது. அப்போதும் பூஜ்யம். ஒவ்வொரு தடவைக்கும் புதிதாக ஒரு குமட்டல் வேண்டியிருந்ததால் ஒவ்வொரு தடவையும் நாற்காலி, எண்ணெய், தப்பா நினைக்காதே.

வராந்தாவில் அவருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு.

"நீங்க யாருக்காக வந்தீங்க?" என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"அம்மாவுக்கு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"போன வருஷமே போயிட்டாங்க. ஆனா என் சோதனை இன்னும் முடியலியாம். நடுவுல விட்டா ஆராய்ச்சி கெட்டுடும்னு சொல்றாங்க" என்று அவர் பெருமூச்சு விட்டார். "இப்ப கால்ல ஆரம்பிச்சிருக்காங்க."

அன்று எடை முப்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம். மனைவி அவர் உதட்டைப் பார்த்தாள், கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"யாருகூடச் சண்டை போட்டீங்க?"

"யாருகூடவும் இல்ல. சோதனை."

"உங்களைச் சோதிச்சா எனக்கு எப்படிங்க வாந்தி நிக்கும்?"

"ஒரே குடும்பத் தோலாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் திரும்பி வாந்தியாக வந்தது. ஓட்டைப் பல் வழியாகக் காற்று போக, அவர் தகரப் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாந்தியில் வர ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர்தான். அவள் முதுகைத் தடவும்போது முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. அவருக்கு அழுகை வந்தது. அழுதார், பேசின் கழுவப் போன இடத்தில்.

வெள்ளிக்கிழமை நிலையத்தில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். பார்த்ததுமே பூட்டுக்காரருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் பட்டறையில் இருப்பதேதான், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். களிம்பைத் தடவி, மணிக்கட்டை அதன் இரண்டு தாடைக்கும் நடுவில் வைத்துத் திருகினார்கள்.

"சார், நாலு சுத்துக்கு மேல போகாதீங்க. அது எலும்பு" என்றார் பூட்டுக்காரர். தொழில் தெரிந்தவர் என்ற முறையில் சொன்னார்.

"அறிவியல்ல பாதியில நிறுத்துற பழக்கம் கிடையாது" என்றார் இயக்குநர்.

ஏழாவது சுற்றில் ஒரு சத்தம் கேட்டது. பழைய பூட்டு ஒன்று உள்ளே உடைந்து விட்டுக்கொடுக்கும் சத்தம். பூட்டுக்காரர் போட்ட அலறலில் வராந்தாவில் இருந்தவர் எழுந்து ஓடப் பார்த்து, காலில் கட்டு இருந்ததால் விழுந்தார். வேலை செய்கிற வலது கை. இனி அரம் பிடித்துச் சாவி ராவ எத்தனை மாதம் ஆகுமோ.

ரத்தம் எடுத்தார்கள். பூஜ்யம்.

இந்தத் தடவை இயக்குநர் கோபப்பட்டார். நியாயமான கோபம், மேசையைக் குத்தும் கோபம். "இது வேணும்னே செய்யுற வேலை. இந்தத் தோல் ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் பண்ணுது" என்றார். உடனே தட்டச்சு செய்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். பூட்டுக்காரருக்கு அல்ல, அவர் தோலுக்கு. தாங்கள் மருந்தை உறிஞ்சத் தவறியது ஏன் என்று இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் அளிக்கவும். கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுரம். பூட்டுக்காரர் உடைந்த கையின் மேல் அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தோல் ஒன்றும் சொல்லவில்லை.

எடை முப்பத்தெட்டு. சரியாக முப்பத்தெட்டு.

சனிக்கிழமை விசாரணை. தோல் பதில் தராததால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. இன்னும் தொண்ணூறு நாள். தேய்ப்பாளர் மேசையோரம் உட்கார்ந்து புது நாட்களுக்காகப் பதிவேட்டில் பக்கங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் வார்டில் தேய்த்துவிட்டு அப்படியே வந்திருந்தார். விரல் மஞ்சளாக இருந்தது. நாக்கில் விரல், பக்கம். நாக்கில் விரல், பக்கம்.

பூட்டுக்காரர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரில் மலை ஏறும் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"சார், முதல் தடவை ஏறிச்சுன்னீங்களே. அது யார் ரத்தம்?"

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "நம்ம தேய்ப்பாளர் ரத்தம்தான்! அப்போ நிலையத்துல நாங்க ரெண்டே பேரு. நான் எழுதுவேன், அவர் தேய்ப்பார். தன் கையிலேயே தேய்ச்சுக்கிட்டு, தானே பதிவேட்டுல எழுதினாரு. அதுக்குத்தான் அந்த வில்லை."

"எழுதினப்போ பக்கத்தை எப்படிப் புரட்டினாரு?"

தேய்ப்பாளர் விரலை நாக்குக்கு அருகில் கொண்டுபோயிருந்தார். விரல் அங்கேயே நின்றது. அறையில் எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள். குமட்டல் அதிகாரிகூடப் பார்த்தார்.

"தின்னிருக்காரு சார். முப்பது வருஷமா, தெனம் நாப்பது தடவை தின்னிருக்காரு. தோல்ல ஏறல, வயித்துல ஏறியிருக்கு. அதான் மருந்து மயக்கத்துல இந்தக் கொட்டாவி, அதான் கல்யாண வீட்டுல வாந்தி வரல" என்றார் பூட்டுக்காரர்.

"அது இனிப்பா இருக்குதேன்னுதான்..." என்று தொடங்கிய தேய்ப்பாளர் வாயை மூடிக்கொண்டார்.

இயக்குநர் எழுந்தார், தண்ணீர் குடித்தார், கோட்டின் அருகில் போய் நின்றார். திரும்பியபோது தலைக்கு மேல் இருக்கும் பெரிய கூட்டம் மறுபடியும் வந்து சேர்ந்திருந்தது.

"இதனால எதுவும் மாறல. நாக்குன்னா என்ன? வாய்க்குள்ள இருக்கிற தோல். ஈரமான தோல், அவ்வளவுதான். அப்போ தோல் வழியாத்தான் ஏறியிருக்கு. நிரூபணம் இன்னும் பலமாத்தான் ஆகுது. யோசிச்சுப் பாருங்க, இந்தக் கோட்டை நம்பி நாப்பது ஆஸ்பத்திரியில தேய்க்கிறாங்க. தேய்ப்பாளர் பள்ளிக்கூடம் நடக்குது. எனக்கு நாலு நாட்டுல மாலை போட்டிருக்காங்க. ஒரு விரலுக்காக இத்தனையையும் பொய்யாக்கச் சொல்றியா? மனசாட்சி வேணாம்?"

"சரி சார், நாக்கும் தோல்தான். அப்போ என் வீட்டுக்காரிக்கு வாயில குடுக்கச் சொல்லுங்க."

"அது முடியாது. வாய் எங்க வரம்புல வராது. வாய்வழி நிலையம் வேற. அவங்களும் நாங்களும் பேசிக்கிறதில்ல."

"அப்போ சான்றாவது குடுங்க."

"தொண்ணூறு நாள் கழிச்சு."

அவரை நாற்காலிக்கு நடத்திக்கொண்டு போனார்கள். பூட்டுக்காரர் உட்கார மறுத்தார். இந்த நாலு நாளில் இதுதான் முதல் தடவை. இயக்குநருக்கு அது பெரிய மனக்கஷ்டமாக இருந்தது.

"இதுல என்னய்யா இருக்கு? என்னவோ தூக்குமேடை மாதிரி பயப்படுறே. நல்ல இரும்பு, முதுகுக்குச் சாய்மானம். நான் பார்த்துப் பார்த்து வாங்கினது. இப்ப பாரு" என்று சொல்லி ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக் காட்டினார். "எவ்வளவு சுகமா இருக்கு!"

பூட்டுக்காரர் இடது கையால் வாரை இழுத்துப் பூட்டை அமுக்கினார். டக். கைக் கட்டுத்துணியில் குத்தியிருந்த ஊக்கைப் பல்லால் பிடுங்கிச் சாவித்துளையில் விட்டு ஒடித்தார். எல்லாம் இரண்டு மூச்சு நேரம்.

இயக்குநர் பூட்டைப் பார்த்தார். குமட்டல் அதிகாரி பலகையைப் பார்த்தார்.

"டேய், என்ன பார்க்குறே? கழட்டு!"

"அமர்ந்தவர் எவராயினும்னு போட்டிருக்கு சார்" என்றார் அதிகாரி. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "பூட்டு விழுந்த நொடியிலிருந்துன்னும் போட்டிருக்கு."

"நான் போட்ட விதிடா அது!"

"அதனாலதான் சார்" என்று சொல்லி மோட்டாரைப் போட்டுவிட்டார்.

இயக்குநர் சுழன்றார். முதலில் சஸ்பெண்ட் பண்ணிடுவேன் என்ற வார்த்தை கேட்டது. பிறகு அதில் பாதி கேட்டது. பிறகு ஓர் எழுத்துதான் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணெய் கொடுக்க வசதிப்படாததால் அதிகாரி நேராக அடுத்த கட்டத்துக்குப் போனார். சுழன்று வரும் வயிற்றுக்குக் குறி பார்த்துக் குத்துவது சாதாரண வித்தை அல்ல. "தப்பா நினைக்காதீங்க சார்." ஒரு தடவை வயிறு, ஒரு தடவை மூக்கு. மூக்கிலிருந்து வந்த ரத்தம் சுற்றியிருந்த சுவர் முழுக்க வட்டமாகக் கோடு போட்டது. மூன்றாவதிலேயே குடுவை நிரம்பியது. மோட்டாரை நிறுத்திய பிறகும் வாந்தி நிற்கவில்லை. இருநூறு, நானூறு, தரை. தேய்ப்பாளர் கடமை தவறாமல் மணிக்கட்டைப் பிடித்து முப்பது எண்ணினார்.

"ஊசி!" என்று கத்தினார் இயக்குநர். "என் அலமாரியில ஊசி இருக்கு! எடுத்துப் போடுங்கடா!"

"களிம்பு தேய்ச்சிருக்கு சார். அரை மணி பொறுங்க. ஏறணும்" என்றார் தேய்ப்பாளர்.

"அது ஏறாதுய்யா! அது ஒரு மண்ணும் பண்ணாது! எனக்குத் தெரியாதா! ஊசியைப் போடு!"

"சான்று இல்லாம ஊசி போடக் கூடாதே சார். உங்க கையெழுத்து இல்லாம சான்று செல்லாதே."

பூட்டுக்காரர் இயக்குநரின் மேசைக்குப் போய் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசி இழுப்பறையில், தூசி படிந்து, கட்டுப் பிரிக்காமல் இருந்தது. உறிஞ்சாமைச் சான்று. வெளிர்நீலம். ஒரு தாளை உருவி, பேனாவோடு நாற்காலிக்கு எதிரில் நீட்டினார். இயக்குநர் பெயரைக்கூடப் பார்க்கவில்லை. பெயர் எழுதவே இல்லையே, எதைப் பார்ப்பது? வாந்திக்கு நடுவில், முப்பது வருடத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார். தேய்ப்பாளர் பழக்க தோஷத்தில் முத்திரையும் குத்திவிட்டார்.

பூட்டுக்காரர் தாளை மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"எங்கய்யா போறே? அது என்னுது!"

"இது பதினேழாம் கட்டிலுக்கு சார். உங்களுக்கு வேற எடுத்துத் தருவாங்க."

அவர் வாசலைக் கடக்கும்போது பின்னால் மறுபடியும் வாந்திச் சத்தம் கேட்டது. தேய்ப்பாளர் இயக்குநரின் பெயரில் சான்று வழங்க என்ன நடைமுறை என்று பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தார். விரலை நாக்கில் தொட்டார், யோசித்தார், மறுபடியும் தொட்டார். சாவகாசமாகப் பக்கங்கள் புரண்டன.

நர்ஸ் நீலத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "நான் பச்சையா இருக்கும்னு நினைச்சேன்" என்றாள். பிறகு ஓடினாள்.

ஊசி போட்டு இருபத்தைந்தாவது நிமிடம் மனைவி தண்ணீர் கேட்டாள். கொடுத்தார். இருவரும் பேசினைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது காலியாகவே இருந்தது. அவள் இன்னொரு வாய் குடித்தாள். பிறகு அவருடைய உடைந்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "பசிக்குதுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு இன்னொரு கையையும் கொடுத்திருப்பார்.

திங்கட்கிழமை முப்பத்தெட்டு கிலோ நானூறு கிராம். மருந்து ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் களிம்பு வண்டி வந்தது. தேய்ப்பாளர் கொட்டாவி விட்டுக்கொண்டு பதினாறாம் கட்டிலுக்குப் போனார். அங்கே படுத்திருந்த பெண் பேச முடியாமல் மணிக்கட்டை நீட்டினாள். பத்தாம் சுற்றிலேயே அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. தேய்ப்பாளர் பதினொன்று என்றார்.

பதினேழாம் கட்டிலில் இருந்தது ஒரு மாதமாக டம்ளரைக்கூடத் தூக்காத கை. பூட்டுக்காரர் தடுக்கப் போவதற்குள் அவர் மனைவி தகரப் பேசினை எடுத்து வீசிவிட்டாள். அது களிம்பு ஜாடியை உடைத்து, பித்தளை வில்லையை நசுக்கி, தேய்ப்பாளரின் முன்பல் இரண்டையும் கொண்டுபோய் பதினான்காம் கட்டிலுக்கு அடியில் நின்றது. வார்டில் கைதட்ட முடிந்தவர்கள் கைதட்டினார்கள். பதினாறாம் கட்டில்காரி வாயைத் துடைத்துக்கொண்டு, நிலையத்துக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று பூட்டுக்காரரிடம் கேட்கும்படி தன் புருஷனிடம் சொன்னாள்.

வியாழக்கிழமை நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. பதினேழாம் கட்டில் நோயாளி, நாற்பது நாட்களுக்கு மேல் களிம்பு தேய்க்கப்பட்டதன் பயனாக, எழுந்து உட்கார்ந்து ஒன்றரைக் கிலோ எடையுள்ள பேசினைப் பத்தடி தூரம் வீசும் அளவுக்குக் கை பலம் பெற்றிருப்பதை நிலையம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது. வீசியது களிம்பு தேய்த்த அதே கை என்பது குறிப்பிடத்தக்கது. களிம்பு உறிஞ்சப்பட்டதற்கு இரண்டாவது நிரூபணம் கிடைத்துவிட்டபடியால், தவறுதலாக வழங்கப்பட்ட உறிஞ்சாமைச் சான்றை உடனே திருப்பி ஒப்படைக்கவும். கையெழுத்து இயக்குநருடையது. கொஞ்சம் கோணலாக இருந்தது.

பூட்டுக்காரர் வீட்டுக்குப் போய்ப் பட்டறையிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியை எடுத்துவந்தார். நீலத் தாளை அதில் வைத்தார். ஏழு நெம்புகோல் வைத்து அவரே செய்த பூட்டு ஒன்று இருந்தது, அதைப் போட்டு அமுக்கினார். பெட்டியை மனைவியின் கட்டிலுக்கு அடியில், பேசினுக்குப் பக்கத்தில் தள்ளினார்.

"சாவி எங்கங்க?" என்றாள் அவள், ரொட்டியை மென்றுகொண்டே.

"சாவி இனிமேத்தான் செய்யணும். கை சரியாகட்டும்" என்றார் பூட்டுக்காரர். "தொண்ணூறு நாளாவது ஆகும்."